அரைப்பேர்

நுணலும் தன் வாயால் கெடும் என்று
ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததோடு சரி.
அக்கரப்பத்தனைக்கு மேலே
ஏழாம் நம்பர் மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில்,
இரவு பதினொன்றுக்கு,
காலில் அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு நின்றபோதுதான்
சொன்னவன் நேரில் பார்த்திருக்கிறான் என்று தெரிந்தது.

டிக். டிக். டிக்.
ஈரக் கம்பளிக்குள் யாரோ
கைக்கடிகாரத்தை மறந்துவிட்ட மாதிரி.
அது கூப்பிட்டது, நாங்கள் போனோம்.
ஏலச்செடியின் அடி இலையில்
பெருவிரல் நகத்தளவு.
கொழுந்துப் பச்சையும் இல்லை, முற்றல் பச்சையும் இல்லை.
நிமாஷா மிஸ்ஸின் தராசில்
ஒரு கிராம்கூட வரவில்லை.
"இதுக்கு இன்னும் பேர் வைக்கலை, பவளமணி.
நம்பர் மட்டும்தான்."
செக்ரோலில் எனக்கும் ஒன்று இருக்கிறது.
சொல்லவில்லை.

மற்றதற்குப் பேர் நிறைய.
லத்தீனில் மூன்று சொல்.
சிங்களத்தில் ஒன்று.
தமிழில் தேவாங்கு,
அதை என் மச்சான் கல்யாண வீட்டில் வைத்து
என்னைத்தான் கூப்பிட்டான்.
படிவத்தில் 'சிறு குரங்கு' என்ற கட்டத்தில் அடைத்திருந்தார்கள்.
"குரங்கே இல்லை, குரங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம்"
என்று ஃபர்ஹான் சேர் திருத்தினார்.
டோர்ச் சிவப்புக் கண்ணாடியை மேலே திருப்பினால்
ஞானமரத்துக் கவட்டில்
அணையாத இரண்டு தணல்.
தவளை வாயால் கெட்டால்
இது கண்ணால்.
அந்தக் கண்ணைப் பிடுங்கி மருந்து செய்தவர்கள்
எங்கள் லயத்திலும் இருந்தார்கள்.

வால் இரண்டுக்கும் இல்லை.
ஆனால் தவளைக்கு
இல்லாமல் போனது வால் மட்டுமா?
மற்றத் தவளைகள் குளத்தில் கொஞ்ச நாள்
தலைப்பிரட்டையாக ஓடி விளையாடும்.
இது மண்ணுக்குள் முட்டை,
முட்டைக்குள்ளேயே கை, கால், எல்லாம்.
வெளியே வரும்போதே பெரிய ஆள்.
மிஸ் அதை அதிசயமாகச் சொன்னார்.
எனக்குத் தங்கச்சி ஞாபகம் வந்தது,
பதின்மூன்று வயதில் கொழும்புக்கு
ஒரு பையோடு பஸ் ஏறியவள்.

பதினோராம் இரவு கொழும்பிலிருந்து போன் வந்தது.
காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதாம்.
எது கூடுதல் அரிது, ஒப்பிட்டு எழுதுங்கள்.
சேர் மழைச்சட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி
நெடுநேரம் பேசினார்.
"நோட்டீசில் போட்டால் ஜனங்கள் கண்ணைப் பார்த்துத்தான் காசு போடும்" என்றார்
வைத்த பிறகு, யாரிடமோ.
மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
தராசின் விளக்கு தானாக அணைந்தது.

அப்போதுதான் மேலே அது நகர்ந்தது.
கிளையை ஒவ்வொரு கையாகக் கேட்டுக் கேட்டு,
இறங்கச் சொன்ன இடத்தில் மட்டும் இறங்கி.
கீழே டிக். டிக்.
வாயை மூடேன் என்று நினைத்தேன்.
யாரை நினைத்தேனோ.
மூன்று நாளாகத் தேவாங்கும் மெலிந்திருந்தது,
விலா எண்ணலாம்.
இரண்டு தணலும் இலைக்கு ஒரு முழம் மேலே
நின்றன.
டிக்.
சேர், "லைட்டை நிப்பாட்டு" என்றார்.

இருட்டில் மழைதான் கேட்டது.
திரும்பப் போட்டபோது
இலை ஆடிக்கொண்டிருந்தது,
துளி விழுந்தாலும் அப்படித்தான் ஆடும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மிஸ் பேனாவைத் திறந்தார், மூடினார்.

விடியப் பிரட்டுக்குப் போனேன்.
கண் எரிய எரிய எடுத்தது பதினாலு கிலோ.
கங்காணி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
அரைப்பேர் போட்டார்.
ஏழாம் நம்பர் மலை விளிம்பில்
யாருடைய கைக்கடிகாரமோ
ஒரு தரம் அடித்தது போலிருந்தது.
பகலில் அது கத்தாது.
இருந்தும் கூடையை இறக்கிவைத்துவிட்டு
இன்னொரு தரத்துக்காக நின்றேன்.